எண்ணெய் டிரஸ்டிலிருந்து மாதாமாதம் வந்த பணம் சுருங்கிவிட்டது: விற்பதா, வைத்திருப்பதா?

வெள்ளவத்தை வாசகி (2020 மே 28)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவர் ஓமானில் எண்ணெய் வயலொன்றில் பம்ப் பராமரிப்பு வேலை பார்த்தவர். அங்கிருந்த காலத்திலேயே வெளிநாட்டுத் தரகர் ஒருவர் மூலம் அமெரிக்காவின் எண்ணெய் ரோயல்டி டிரஸ்ட் (எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை வாங்கி, யூனிட் என்ற அதன் பங்குகளை வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) இரண்டில் யூனிட்கள் வாங்கி வைத்தார். "பங்கு விலை ஏறும், இறங்கும். அதைப் பார்க்காதே. கிணற்றில் எண்ணெய் இருக்கும்வரை உனக்குப் பணம் வரும்" என்பார். அவர் காலமான பிறகு கணக்கு என் பெயருக்கு மாறியது. என் ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்கு. டிரஸ்ட் பணம் மாமியாரின் மருந்துக்கும் மகளின் படிப்புக்கும். இத்தனை காலமும் அப்படித்தான் ஓடியது.

மார்ச் 20 ஊரடங்கு வந்ததிலிருந்து வங்கிப் பக்கம் போக முடியவில்லை. இந்த மாதம் அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படி எங்களுக்கு விழுந்த நாளில் காலி வீதிக் கிளைக்குப் போய், கணக்கறிக்கையை எடுத்து வந்தேன். ஒரு டிரஸ்டிலிருந்து வந்த தொகை ஜனவரியில் வந்ததைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது. மற்ற டிரஸ்டின் பணம் வந்ததாகப் பதிவே காணவில்லை. அதன் அறிவித்தலைத் தேடிப் படித்தேன்: இம்மாதம் பங்கீடு இல்லை என்று ஒரே வசனம்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறு. ஏப்ரலில் எண்ணெய் விலை பூச்சியத்துக்குக் கீழே போனதாகச் செய்தியில் சொன்னார்கள். யூனிட் வைத்திருப்பவர்களிடமும் இனிப் பணம் கேட்பார்கள் என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அப்படிக் கேட்க முடியுமா? இப்போது விலை மறுபடி ஏறுகிறது என்கிறார்கள். அப்படியானால் அடுத்த மாதம் பழைய தொகை வருமா? விற்றுவிடலாமா? விளங்கும்படி யாராவது சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை குமரன்

டீச்சர், என் கருத்தில் விற்றுவிடுங்கள். இந்தக் கொரோனா நோய் எப்போது அடங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. விமானங்கள் நிற்கின்றன, கப்பல்கள் குறைந்துவிட்டன. எண்ணெய் வாங்க ஆளில்லாதபோது எண்ணெயில் பணம் வைத்திருப்பது எதற்கு? கிடைப்பதை எடுத்து நிலையான வைப்பில் போடுங்கள். எங்கள் பங்குச் சந்தை மே 11இல் மீண்டும் திறந்த அன்றே விழுந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டதையும் பார்த்தோமே. வயதான ஒருவருக்கு மருந்து வாங்கும் பணத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய கணக்காளர்

டீச்சர், முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். உங்களிடம் யாரும் ஒரு சதமும் கேட்க முடியாது. ஏப்ரல் 20ஆம் திகதி மைனஸ் 37.63 டாலருக்குப் போனது மே மாத விநியோகத்துக்கான அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒக்லஹோமாவின் குஷிங் என்ற ஊரில் எண்ணெயைப் பொறுப்பேற்க வேண்டும். அங்கே தாங்கிகள் நிறைந்துகொண்டிருந்தன. இறக்க இடமில்லாதவர்கள் பணம் கொடுத்தாவது கைமாற்றிவிட்டார்கள். அது ஒப்பந்தக்காரர்களின் தலைவலி. யூனிட்காரருக்கு ஆகக் கூடிய நட்டம், யூனிட்டின் பெறுமதி முழுவதும் போவது. வரும் பணம் பூச்சியமாகலாம்; பூச்சியத்துக்குக் கீழே போகாது.

ஆனால் குமரன் தம்பி சொல்வதைப் போல எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்கவும் சொல்லமாட்டேன். டிரஸ்ட் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன. உங்கள் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொண்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் வகையில், விற்ற எண்ணெயின் பணத்தில் ஒரு பங்கு நேரே டிரஸ்டுக்கு வரும். கிணறு தோண்டும் செலவு, பம்ப் திருத்தும் செலவு எதுவும் அதில் கழிபடாது. 1982இன் கடைசியில் உருவான சபைன் ரோயல்டி டிரஸ்ட் இந்த வகை. டெக்சாஸ், ஒக்லஹோமா, லூசியானா என ஆறு மாநிலங்களில் அதற்கு உரிமை இருக்கிறது. விலை விழுந்தால் இந்த வகையில் பணம் குறையும். ஆனால் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வகையில் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. 1980இல் தொடங்கிய பெர்மியன் பேசின் ரோயல்டி டிரஸ்டுக்கு டெக்சாஸின் வாடெல் ரான்ச் நிலத்திலிருந்து வரும் நிகர வருமானத்தில் 75 சதவீத உரிமை. கேட்பதற்குப் பெரிய பங்கு. ஆனால் எண்ணெய் 60 டாலர், எடுக்கும் செலவு 30 டாலர் என்று வையுங்கள்: மிஞ்சுவது 30. விலை 30க்கு இறங்கினால் விலை பாதிதான் குறைந்தது, வருமானமோ முழுவதும் போயிற்று. பி.பி. புருடோ பே டிரஸ்டில் கணக்கு இன்னும் கடுமை. அலாஸ்கா வயலின் நாளாந்த முதல் 90,000 பீப்பாயில் 16.4246 சதவீதத்துக்கு ரோயல்டி என்பது 1989 ஒப்பந்தம். ஆனால் எண்ணெய் விலையிலிருந்து கழிக்கும் செலவுத் தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, காலத்தோடு ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. இன்றைய கணக்கில் பீப்பாய் 50 டாலரைத் தாண்டி நின்றால்தான் யூனிட்காரருக்கு ஏதாவது மிஞ்சும்.

அடுத்தது, நீங்கள் கேட்ட "அடுத்த மாதம்". இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நிலத்திலிருந்து எண்ணெய் எடுத்து, விற்று, பணம் வசூலாகி, டிரஸ்டுக்குப் போய், உங்கள் கணக்கை அடைய இரண்டு மூன்று மாதம் செல்லும். நீங்கள் இப்போது பார்க்கும் குறைந்த தொகை பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாத எண்ணெயின் பணம். மார்ச் 6இல் வியன்னாவில் ரஷ்யாவும் ஒபெக் என்ற எண்ணெய் ஏற்றுமதிக் கூட்டமைப்பின் நாடுகளும் உற்பத்திக் குறைப்பில் உடன்படாமல் பிரிந்தன. 9ஆம் திகதி விலை சரிந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் சராசரி 17 டாலருக்கும் கீழே. அந்த ஏப்ரல் பணம் உங்களிடம் இன்னும் வரவேயில்லை. ஜூனிலும் ஜூலையிலும்தான் வரும். போதாததற்கு, இந்த விலைக்கு எடுத்துக் கட்டாது என்று கம்பனிகள் கிணறுகளை மூடியிருக்கின்றன. விலையும் குறைவு, பீப்பாயும் குறைவு. மே மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 97 இலட்சம் பீப்பாய் குறைக்க ஒபெக் கூட்டணி இணங்கியதால் விலை 30 டாலருக்கு மேல் வந்திருப்பது உண்மை. அதன் பலன் ஓகஸ்ட் அளவில்தான் உங்கள் கணக்கில் தெரியும்.

தரகரின் திரையில் வருமான வீதம் 15, 20 சதவீதம் என்று காட்டும். அதை நம்பாதீர்கள். போன வருடம் கொடுத்த பணத்தை இன்றைய விழுந்த விலையால் வகுத்து வரும் இலக்கம் அது.

உங்கள் கணவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஐயமில்லை. எண்ணெய் வயலை உள்ளிருந்து பார்த்தவர் அவர். ஆனால் டிரஸ்ட் என்பது கம்பனி அல்ல. புதிய வயல் வாங்கவோ புதிதாகத் தோண்டவோ அதற்கு அதிகாரமில்லை. கிணறு வற்ற வற்ற யூனிட்டும் தேயும். இரண்டு வருடம் தொடர்ந்து வருமானம் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் டிரஸ்டையே கலைத்துவிடும் விதியும் சிலவற்றில் உண்டு. மாதம் தவறாமல் வாங்க வேண்டிய மருந்தை இப்படிப்பட்ட பணத்தில் கட்டிவைக்கக் கூடாது, டீச்சர். நீங்கள் எதை விற்றாலும் எதை வைத்திருந்தாலும் மருந்துப் பணத்தை அதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

பணம் வராத டிரஸ்டின் மாத அறிவித்தலை முழுவதும் படியுங்கள். எத்தனை பீப்பாய், சராசரி விலை என்ன, செலவு எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வருமானத்தைச் செலவு மிஞ்சியதாக எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவா

டீச்சர், கனடாவில் எங்கள் ஆட்கள் பலர் முன்பு இதே போன்ற எரிசக்தி டிரஸ்ட்களில் பணம் போட்டிருந்தார்கள். 2006 ஒக்டோபர் 31இல் அரசாங்கம் திடீரென்று வரி அறிவித்தது. ஒரே நாளில் விலைகள் விழுந்தன. 2011க்குள் பெரும்பாலானவை சாதாரணக் கம்பனிகளாக மாறிவிட்டன. இங்குள்ள உறவினர் யாராவது அந்த அனுபவத்தை வைத்து ஆலோசனை சொன்னால், உங்களுடையது அமெரிக்க டிரஸ்ட், விதிகள் வேறு என்று சொல்லுங்கள். கணக்கறிக்கையில் 30 சதவீதம் பிடித்திருந்தால் அது அமெரிக்க அரசு வெளிநாட்டவரிடம் பிடிக்கும் வரி. தரகர் களவெடுத்ததாக நினைக்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவுதான் நித்திரை கொண்டேன்.

அறிவித்தலை மகளோடு சேர்ந்து வரிவரியாகப் படித்தேன். நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது: உற்பத்திச் செலவு வருமானத்தை மிஞ்சிவிட்டது, மிஞ்சிய தொகை வட்டியோடு முன்கொண்டு செல்லப்படும் என்று. மற்ற டிரஸ்டில் அப்படிச் செலவுக் கணக்கே இல்லை. இந்த மிஞ்சிய செலவைக் கட்டித் தீர்த்த பிறகுதான் எங்களுக்கு வருமா?

பழைய கணக்காளர்

ஆம். விலை ஏறினாலும் வரும் பணம் முதலில் அந்தச் செலவையும் வட்டியையும் அடைக்கும். நீங்கள் வரிசையில் அதற்குப் பின்னால். உங்கள் வயதில் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இதை விற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. செலவு கழிபடாத மற்றதை இந்த விலைக்கு விற்கமாட்டேன். ஜூலையில் தொகை இன்னும் சிறுக்கும், பதறாதீர்கள்.

கொட்டாஞ்சேனை குமரன்

ஐயா விளக்கியதைப் படித்தபின் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன், ஒன்றை மட்டும் விற்றால் போதும். நிலையான வைப்பைப் பற்றி ஒரு விடயம்: மத்திய வங்கி மார்ச்சிலிருந்து வட்டியை மூன்று தடவை குறைத்துவிட்டது, வைப்பு வட்டியும் இறங்குகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு ஏப்ரலில் விசேட வைப்புக் கணக்கு அறிமுகமானது. ஆறு மாதத்துக்கு வழமையான வட்டியைவிட ஒரு சதவீதம், பன்னிரண்டு மாதத்துக்கு இரண்டு சதவீதம் கூடுதல். டாலரிலேயே வைக்கவும் முடியும். ஜனவரியில் டாலர் 181 ரூபாய் அளவில் இருந்து ஏப்ரலில் 190ஐத் தாண்டியதை நினைத்தால், ஒரு பகுதியையாவது டாலரில் வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகி

அப்படியே செய்கிறேன் தம்பி. தரகருக்கு இன்று எழுதிவிட்டேன். பணம் வந்ததும் கிளைக்குப் போய்க் கேட்டால் போதுமா?

கொட்டாஞ்சேனை குமரன்

இல்லை டீச்சர், பணம் வருவதற்கு முன்பே போய்க் கணக்கைத் திறந்துவிடுங்கள். அந்தக் கணக்கு இலக்கத்தைத்தான் தரகருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் சாதாரண ரூபாய்க் கணக்கில் விழுந்து மாறிவிட்டால் பிறகு டாலராக்குவது சிரமம். வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.