கால்வாய்க் கரைப் பாதையில் நடப்பவர்களைக் கடந்து மிதிவண்டியில் செல்வது எப்படி?

கேள்வி: புதாற்றுப் பயணி (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து நகரத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு நாள்தோறும் மிதிவண்டியில் சென்று வருகிறேன். நெடுஞ்சாலையில் பேருந்துகளும் லாரிகளும் உரசிக்கொண்டு போவதால், கல்லணைக் கால்வாயின் கரையை ஒட்டிய பாதையையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். இங்கே அதைப் புது ஆறு என்றுதான் சொல்வோம். காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை அந்தப் பாதையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், தூக்குவாளியோடு நடவு வேலைக்கு வரிசையாகச் செல்லும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆடு மாடுகள், இடையிடையே இரு சக்கர வாகனங்கள் என எல்லோரும் ஒன்றாகச் செல்கிறார்கள்.

மணியடித்தால் முன்னே செல்பவர்கள் திடுக்கிட்டு இரு பக்கமும் பார்க்கிறார்கள். சிலர் நான் கடக்க நினைத்த பக்கத்துக்கே நகர்ந்துவிடுகிறார்கள். மணியடிக்காமல் கடந்தால், ஓசையின்றி வந்து அச்சுறுத்திவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. கரைக்கு ஒரு புறம் வயல் சரிவு, மறு புறம் ஓடும் நீர் என்பதால், யாரேனும் பதறி ஓரடி தவறி வைத்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. எந்தப் பக்கமாகக் கடப்பது, எவ்வளவு வேகத்தில் செல்வது, எவ்வளவு தொலைவில் குரல் கொடுப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: காலை நடை (கும்பகோணம்)

தம்பி, நான் மிதிவண்டி ஓட்டுபவள் அல்ல. அரசலாற்றங்கரையில் நெடுங்காலமாகக் காலையில் நடப்பவள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. நடப்பவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதுகுக்குப் பின்னே மிக அருகில் ஒலிக்கும் மணி, வண்டி வருகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எந்தப் பக்கம் வருகிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் திரும்பிப் பார்க்கிறோம். ஒருவர் வலத் தோளின் வழியாகத் திரும்பிப் பார்க்கும்போது அவருடைய கால்களும் பெரும்பாலும் வலப்பக்கமே சாய்ந்துவிடும், நீங்களோ அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருப்பீர்கள். நகர்பவர் வேண்டுமென்றே வழியை மறிப்பதாக எண்ணிவிட வேண்டாம். முதியவர்களுக்கு ஒலி வரும் திசையைக் கணிக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பதையும், ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்கு அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, மணியை இருபது மீட்டருக்கு முன்பாகவே ஒரே ஒரு முறை மெல்ல அடியுங்கள். முன்னே செல்பவரிடம் ஏதேனும் ஓர் அசைவு தெரியும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். அருகில் வந்ததும் வாயால் சொல்லுங்கள்: ‘அம்மா, உங்க வலப்பக்கமா வர்றேன்’ என்ற ஒரு சொற்றொடர் பத்து மணியோசையைவிட எங்களுக்கு உதவுகிறது. மனிதக் குரல் கேட்டால் அச்சம் வருவதில்லை. நம் நாட்டில் இடப்பக்கம் செல்வதும் வலப்பக்கமாக முந்துவதும் வழக்கம் என்பதால், எப்போதும் வலப்பக்கமாகவே கடப்பதை ஒரு நெறியாக வைத்துக்கொண்டால் நடப்பவர்களும் அதை எதிர்பார்க்கப் பழகிக்கொள்வார்கள். குழந்தையைக் கைப்பிடித்து நடப்பவர்களைக் கண்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், குழந்தை எந்தப் பக்கம் ஓடும் என்று அதன் தாய்க்கே தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

பதில் 2: சைக்கிள் கடைக்காரர் (மன்னார்குடி)

ஆசிரியை அம்மா சொன்ன இருபது மீட்டர் மிகச் சரியானது. அதன் கணக்கை மட்டும் விளக்குகிறேன். நடப்பவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நீங்கள் அதே திசையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இருபது மீட்டர் இடைவெளி 5 வினாடிக்குள் தீர்ந்துவிடும். 12 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதே இடைவெளி தீர ஏறத்தாழ 10 வினாடி ஆகும். மணியைக் கேட்டு, திரும்பிப் பார்த்து, புரிந்துகொண்டு, ஓரமாக ஒதுங்க ஒரு முதியவருக்கு இந்தப் பத்து வினாடி தேவைப்படுகிறது.

நிறுத்தும் தொலைவும் அப்படித்தான். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் நல்ல பிரேக்கோடும் உலர்ந்த தளத்திலும் நிற்பதற்கு ஏறக்குறைய 10 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 12 கிலோமீட்டர் வேகத்தில் அது 5 மீட்டராகக் குறையும். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முதல் வேகத்தில் மோதினால் இரண்டாவதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல் எதிரே இருப்பவரின் உடலில் இறங்குகிறது. எழுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிவதற்கு அது வேண்டியதற்கு மேல் போதும்.

இந்தக் கணக்கெல்லாம் உலர்ந்த நிலைக்கு உரியது. நம் பகுதியில் ஓடும் சைக்கிள்களில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி உட்பட, பெரும்பாலானவற்றுக்கு முலாம் பூசிய எஃகு ரிம்தான் இருக்கிறது. எஃகு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் அதன் மேல் வழுக்கும். நிற்கும் தொலைவு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைக் களிமண்ணும் சேர்ந்துகொண்டால், ஓட்டுபவரின் திறமையை மட்டும் நம்பி ஒருவரை நெருங்கிக் கடப்பது முறையல்ல. அந்த மாதங்களில் ஆட்களைக் கண்டதும் நடை வேகத்துக்கு இறங்கிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது விற்கும் எல்இடி விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கின்றன. கூசிய கண்ணோடு கரையோரத்தில் நடப்பவர் அடுத்த அடியை எங்கே வைப்பார்? விளக்கைத் தாழ்த்தி, ஒளி சக்கரத்துக்கு முன்னே சில மீட்டர் தொலைவில் தரையில் விழும்படி பொருத்துங்கள். விட்டு விட்டு மின்னும் நிலையில் வைக்காதீர்கள்.

பதில் 3: வெண்ணாற்றங்கரை விவசாயி (நீடாமங்கலம்)

நகரத்தை ஒட்டிய கரைக்கு மேலே சொன்னவை பொருந்தும். கிராமத்துக் கரைகளில் வேறு சில கவனங்கள் தேவை.

குறுவைப் பருவ நெல் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மோதிக்கொண்டு வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பு இருப்பதால், அதற்கு மேல் ஈரமாக இருக்கும் நெல்லைக் களம் இல்லாதவர்கள் பாதையிலும் சாலையிலும் பரப்பிக் காயவைக்கிறார்கள். வழியை அடைத்துவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சலித்துக்கொள்வது எங்கள் காதில் விழுகிறது. நெல்லைக் காயவைப்பவர்களுக்கும் வேறு இடமில்லை. நெல்லின் மேல் சைக்கிளை ஓட்டினால் நெல்மணி நசுங்குவது ஒரு பக்கம் இருக்க, முன்சக்கரம் வழுக்கி ஓட்டுபவர் விழுவதும் உறுதி. விளிம்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் இருவருக்கும் இழப்பில்லை. வைக்கோல் கிடக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும், அடியில் கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மாடுகளின் விஷயத்தில், மாட்டைவிடக் கயிற்றைப் பாருங்கள். பாதையின் ஒரு பக்கம் முளையடித்துக் கட்டிய மாடு மறு பக்கம் மேய்ந்துகொண்டிருந்தால், நடுவே கயிறு முழங்கால் உயரத்தில் கிடக்கும். விடியற்காலை இருட்டில் அது தெரியாது. அவிழ்த்துவிட்ட மாடு குறுக்கே நின்றால் அதன் தலைக்கு முன்னால் புகாமல், வாலுக்குப் பின்னால் உதை எட்டாத தொலைவு விட்டுச் செல்லுங்கள். மாடு முன்னோக்கித்தான் நகரும். அறுவடை முடிந்த வயல்களுக்கு வாத்துக் கூட்டத்தை ஓட்டி வருபவர்களைக் கண்டால் நின்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டத்தைப் பிளந்தால் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்க அந்த மனிதர் படும் பாடு உங்களுக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசிரியை அம்மாவிடமிருந்து வேறுபடுகிறேன். எப்போதும் வலப்பக்கமாகக் கடப்பது சாலைக்குச் சரியான நெறி. ஆற்றங்கரையில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எந்தப் பக்கம் என்பதைத்தான். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் ஜனவரி 28 வரை நீர் விடுவது வழக்கம். அந்த மாதங்களில் கரை விளிம்பில் நடப்பவரைச் சைக்கிளுக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டவைக்கக் கூடாது. கான்கிரீட் சரிவு போட்ட இடங்களில் விழுந்தவர் பிடித்து ஏறப் புல்லோ வேரோ கிடையாது.

புதாற்றுப் பயணி

மூவருக்கும் நன்றி. விவசாயி ஐயா சொன்னதை ஒட்டி ஓர் ஐயம். நான் காலையில் செல்லும் திசையில் நீர் எனக்கு இடப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் நடப்பது வழக்கம் என்பதால் நடப்பவர்கள் நீர் விளிம்பை ஒட்டியே செல்கிறார்கள். வலப்பக்கமாகக் கடந்தால் அவர்கள் எனக்கும் நீருக்கும் நடுவே வந்துவிடுவார்கள். இடப்பக்கமாகக் கடக்கவோ இடமே இல்லை. இந்நிலையில் என்ன செய்வது?

காலை நடை

விவசாயி ஐயா சொன்னது நியாயம். ஆற்றங்கரையைப் பொறுத்தவரை நான் சொன்ன நெறியை அவர் சொன்னபடி திருத்திக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

உங்கள் ஐயத்துக்கு என் விடை இது: விளிம்பில் நடப்பவரிடம் மணியடிக்க வேண்டாம். நடை வேகத்துக்கு இறங்கி, பின்னாலேயே வந்தபடி, ‘ஐயா, கொஞ்சம் உள்பக்கமா வாங்க, நான் தண்ணிப்பக்கமா போய்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் வயல் பக்கமாக வந்த பிறகு, போதிய அகலம் இருந்தால் மெதுவாகவும், இல்லையென்றால் இறங்கித் தள்ளியும் விளிம்புப் பக்கமாகக் கடந்து செல்லுங்கள். இது உங்களை ஆபத்தான பக்கத்தில் நிறுத்துகிறதே என்று கேட்கலாம். கடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்தவர் நீங்கள். பார்த்து, நிதானித்து, காலை ஊன்றிக்கொள்ள உங்களால் முடியும். முதுகைக் காட்டி நடப்பவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. உங்களுக்கே அச்சமாக இருக்கும் இடத்தில் கடக்காதீர்கள், பாதை அகலமாகும்வரை அவர் பின்னாலேயே வாருங்கள். ஒன்றிரண்டு நிமிடங்கள்தான் தாமதமாகும்.

பதில் 4: நாகை வாசகர்

எங்கள் பக்கத்து நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 அன்று நிறைவடைகிறது. அதை ஒட்டிய நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாகப் பாதயாத்திரை வருபவர்கள், வெயிலைத் தவிர்க்க இரவிலும் விடியலிலும் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். பலர் வெறுங்காலோடு வருவதால் அவர்களுடைய கண் தரையில்தான் இருக்கும். களைப்பில் கால் தடுமாறுவதும் உண்டு. கூட்டத்தின் நடுவே வளைந்து நெளிந்து புகுந்து செல்வது மிகவும் தவறு. ஒரு குழுவில் கடைசியில் வருபவரிடம் சொன்னால், அவரே முன்னால் செல்பவர்களுக்குக் குரல் கொடுத்து வழி ஏற்படுத்தித் தருவார்.

இன்னொன்று: பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி கவனக்குறைவாக எந்த ஊர்தியை ஓட்டினாலும் அது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். அந்தப் பிரிவு மோட்டார் வாகனத்துக்கு மட்டும் உரியதல்ல. மிதிவண்டிக்குச் சட்டம் எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் பலர் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

புதாற்றுப் பயணி

தெளிவாகிவிட்டது. இனி விளிம்பில் நடப்பவர்களை வயல் பக்கம் அழைத்த பிறகே கடப்பேன். சைக்கிள் கடைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும்: என் வண்டிக்கு எஃகு ரிம்தான் இருக்கிறது. ரிம்மை மாற்றாமலேயே மழைக்காலத்தில் பிரேக்கை ஓரளவு மேம்படுத்த முடியுமா?

சைக்கிள் கடைக்காரர்

ஓரளவு முடியும். பழைய பிரேக் ரப்பர் இறுகிப் பளபளப்பாகியிருந்தால் புதியதாக மாற்றுங்கள். அவ்வளவு பழையதாக இல்லையென்றால் அதன் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ரிம்மில் ஒரு துளியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டிருந்தால் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள். மழையில் செல்லும்போது, தொலைவில் ஆள் தெரிந்த உடனேயே இரு பிரேக்குகளையும் லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைச் சில சுற்றுகள் ஓடவிட்டால், ரிம்மில் உள்ள நீர் வழிந்து ரப்பர் பிடிக்கத் தொடங்கும். முன் பிரேக்குக் கட்டையை ரிம்மின் நடுவே சரியாக உட்கார வையுங்கள், டயரில் உரசினால் ஒரே பருவத்தில் டயர் அறுந்துவிடும்.