புதுப்பிப்பு: கடைசிப் பாட்டின் சீறல் பெரும்பாலும் அடங்கிவிட்டது

இசைத்தட்டின் கடைசிப் பாட்டு வரும்போது ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறுகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது.

ஊசியின் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள் சிலர். தராசில் வைத்துப் பார்த்தேன்: 1.8 கிராம். என் கார்ட்ரிட்ஜான (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்குப் பரிந்துரைத்த அளவே அதுதான். வித்தியாசம் வந்தது கார்ட்ரிட்ஜின் கோணத்தில். கோணத்தைச் சரிபார்க்கக் கோடுகள் போட்ட பேர்வால்ட் அளவுத்தாளை அச்சிட்டு, தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் புள்ளிகள் இரண்டிலும் ஊசித்தண்டு கோட்டோடு ஒத்துவரும்வரை கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்தினேன். ஒன்றில் பொருந்தினால் மற்றதில் விலகும், பொறுமை வேண்டும். தாளை 100 சதவீத அளவில் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வீண். அப்புறம் அழுத்தத்தை மறுபடி பார்த்துவிடுங்கள், கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் அதுவும் மாறும்.

குரல் இப்போது எவ்வளவு தெளிவு! மிச்சமிருக்கும் லேசான சீறலுக்குத் தட்டின் அமைப்பே காரணம். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே ஏறக்குறைய 21தான். அந்தக் குறைந்த நீளத்தில் அதே ஒலி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்து, இன்னும் நுண்ணிய முனையுள்ள ஊசியைப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.