மறு: அஃபேசியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளை பாதிக்கப்பட்டு, பேசவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் உதவும் மொழித்திறன் குலைவதுதான் அஃபேசியா. அதற்குத் தமிழ்ச்சொல்லாகச் சென்ற மடலில் வந்த 'பேச்சிழப்பு', 'மொழியிழப்பு' இரண்டையும் இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். முதலாவதை நாம் எடுக்கவே கூடாது.

என் பெரியம்மா இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து வலது கையும் காலும் விழுந்தன. வலப்பக்கத்தை இயக்குவது இடது மூளை. பெரும்பாலானோருக்கு மொழியும் அங்கேதான், அதனால் அதுவும் சேர்ந்தே போனது. வார்டில் யாரோ "பேச்சு போயிருச்சு" என்றார்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வந்து சேர்வதற்குள் அது "ஊமையாகிட்டாங்க" என்று ஆகிவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் குரல் அப்படியே இருந்தது. தேத்தண்ணி வேண்டுமென்றாலும் "கூடை", போர்வை வேண்டுமென்றாலும் "கூடை". சொன்ன கணமே தப்பென்று தெரிந்து இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தால், இத்தனை காலம் கையெழுத்துப் போட்டவருக்குத் தன் பெயரின் முதல் எழுத்தே வரவில்லை. மாரியம்மன் பாட்டை நாங்கள் எடுத்துக் கொடுத்தால் மட்டும் இரண்டு அடி தடங்கலில்லாமல் கூடவே வரும். இதைப் பேச்சிழப்பு என்று எப்படிச் சொல்வது? நாக்குத் தளர்ந்து சொல் குழறுவதும் வேறு. அதற்குப் 'பேச்சுக் குழறல்' இருக்கிறது.

'மொழியிழப்பு' பொருளுக்குக் கிட்ட வருகிறது. ஆனால் ஒரு தலைமுறை தமிழைக் கைவிடுவதையும் நாம் அப்படித்தானே எழுதுகிறோம்? தவிர, இழப்பு என்றால் போனது போனதுதான். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை வருகிறது. பலருக்கு முதல் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் செய்கிறது. அத்தனை வீடுகளிலும் புழங்கப்போகிற சொல் நம்பிக்கையைப் பறிக்கக்கூடாது.

என் முன்மொழிவு 'மொழிமுடக்கம்'. கை முடங்கிற்று என்பதுபோல மொழி முடங்கிற்று. முடக்கம் என்றால் முழுதாக நின்றுபோனதாகாதா என்று யாரும் கேட்கலாம். கொரோனா காலத்தில் சில தோட்டங்களை முடக்கினார்கள், பிறகு திறந்தார்கள். முடங்கியது திறக்கும் என்பது லயத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, வகைகளுக்கு வருவோம். 1861இல் பாரிசில் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒலியைத் தவிர அநேகமாக வேறொன்றும் வரவில்லை, ஆனால் மற்றவர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. பெரியம்மாவின் 'கூடை'யும் ஏறக்குறைய அதுதான். இதைச் 'சொல்வரா மொழிமுடக்கம்' எனலாம். 1874இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் காட்டியது இதற்கு மறுதலை: பேச்சு தடையில்லாமல் ஓடும், அதில் பொருள் நிற்காது, கேட்பதும் விளங்காது. இதற்குப் 'பொருளறியா மொழிமுடக்கம்' என்று போட்டிருக்கிறேன். 'பொருளறியா' என்பது ஆளையே அறிவில்லாதவர் ஆக்கிவிடுமோ என்று உறுத்துகிறது. 'பொருள்தங்கா' பரவாயில்லையா? வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.