ஷெனானிகன்ஸ் என்றால் திட்டா, கிண்டலா?

பனியன்_கணக்கு:
திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பில் போடுகிறேன். அமெரிக்க பையர் நேற்று அனுப்பிய மெயிலில் கடைசி வரி, "நோ மோர் ஷெனானிகன்ஸ் வித் தி இன்வாய்சஸ், ப்ளீஸ்." பக்கத்தில் ஒரு ஸ்மைலி வேறு. அகராதியில் 'குறும்பு, சேட்டை' என்று பார்த்துவிட்டு, "சேட்டை பண்ணாதீங்கன்னு விளையாட்டாச் சொல்றார் சார்" என்றேன் மேனேஜரிடம். சிரித்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. 2,000 பீஸ் டி-ஷர்ட்டில் என்ன சேட்டை?

பழைய வாத்தியார்:
பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாரும்மா. பிள்ளைகள் தலையணையால் அடித்துக்கொண்டாலோ, ஹாஸ்டலில் விடிய விடியக் கூத்தடித்தாலோ அது சேட்டை, லூட்டி. பில், தேர்தல் ஓட்டு மாதிரி ஏதாவது பக்கத்தில் வந்தால் தில்லுமுல்லு. லாபத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும் கம்பெனிகளின் வேலையை 'ஃபைனான்ஷியல் ஷெனானிகன்ஸ்' என்றே சொல்வார்கள். 'மோசடி' என்று எழுதினால் நாளைக்கு வக்கீல் வரை போகும். இது சிரித்துக்கொண்டே குத்துகிற சொல். ஸ்மைலியை நம்பாதே. அப்புறம், பெரும்பாலும் பன்மையில்தான் வரும்.

மொட்டைமாடி:
இந்தச் சொல் முதலில் அச்சேறியது 1850களில், கலிஃபோர்னியாவில். தங்கம் தேடி ஊர் உலகமே அங்கே குவிந்திருந்த நேரம், அதனால் ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். நரியைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர், ஏமாற்றைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் என்கிறார்கள் வேறு சிலர். எதுவும் நிரூபணமாகவில்லை. நரித்தனம் என்று நாமே சொல்வதால் எனக்கு நரிக்கதைதான் பிடித்திருக்கிறது. தில்லுமுல்லுக்கு இதே வகையில் 'ஸ்கல்டகரி' என்று இன்னொரு சொல் உண்டு, 'ஸ்கல்' என்று தொடங்கினாலும் அதற்கும் மண்டையோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்காட்லாந்தில் கள்ள உறவைக் குறித்த ஒரு சொல் திரிந்து வந்தது.

பழைய வாத்தியார்:
நரி இருக்கட்டும். அந்தப் பொண்ணு முதலில் பில்லைப் பார்க்கட்டும்.

பனியன்_கணக்கு:
பார்த்துவிட்டேன் சார். ஒரே இன்வாய்ஸ் நம்பரில் இரண்டு பில் போயிருக்கிறது. முதலாவது நான் போட்டது. இரண்டாவதில் கூரியர் சார்ஜ் என்று 180 டாலர் கூடுதல், சரக்கு கப்பல் ஏறிய பிறகு யாரோ சேர்த்தது. அந்த ஃபைலைத் திறக்க என்னையும் மேனேஜரையும் தவிர யாருக்கும் பாஸ்வேர்ட் கிடையாது. போய்க் கேட்டால், "நீதானம்மா சேட்டைன்னு சொன்னே?" என்கிறார்.

அந்த 180 டாலரைப் பில்லிலிருந்து கழிக்கும் கிரெடிட் நோட் அடித்து அவர் மேஜையில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து கையெழுத்து ஆகவில்லை.