பேட்சை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார் அம்மா

அம்மாவுக்கு 67 வயது, மதுரை. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. பொங்கலுக்கு வந்த அத்தை 'ஒளி சிகிச்சை' பேட்ச் விற்றுவிட்டுப் போனார். பத்து ரூபாய் நாணயம் அளவு ஸ்டிக்கர். மருந்து கிடையாது, உடம்பின் அகச்சிவப்புக் கதிரையே திருப்பி அனுப்பிக் குணமாக்குமாம். கம்பளியும்தான் திருப்பி அனுப்புகிறது!

வலி குறைந்தது என்கிறார், சரி. ஆனால் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். இப்போது வெறும் வயிற்றில் 240, பாத எரிச்சல் வேறு.

டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கையில் போட்டால் பலமும் சமநிலையும் கூடும் என்று விற்ற பவர் பேலன்ஸ் கைப்பட்டை நிறுவனமே, அதற்கு ஆதாரம் இல்லையென்று 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஒப்புக்கொண்டதைக் காட்டினேன். "அது கைப்பட்டை, இது பேட்ச்" என்கிறார். ஒளித்து வைத்தால் அத்தை புதுக் கவர் கொடுத்துவிடுகிறார்.

பேட்ச் ஒட்டியே இருக்கட்டும், அத்தையையும் பகைக்க வேண்டாம். மாத்திரையை மட்டும் மறுபடி போட வைப்பது எப்படி?