மறு: ‘கட்டற்ற அயற்கூற்று’ – தோய்கூற்று எனலாமா?

வணக்கம். ஆங்கிலத்தில் free indirect style எனப்படும் கதை உத்திக்கு, அதாவது பாத்திரத்தின் எண்ணத்தைக் கதைசொல்லியின் வாக்கியத்திலேயே கலந்து சொல்வதற்கு, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘தோய்கூற்று’ என்ற என் பரிந்துரைக்கு வந்த மறுப்பு இது:

> ‘கட்டற்ற அயற்கூற்று’ என்றே வைத்துக்கொள்ளலாமே, மூலத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘கட்டற்ற’ என்றதும் பாதிப் பேருக்கு மென்பொருள்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும், கதை எழுதிப் பழகுகிறவருக்கு இந்தப் பெயரிலிருந்து எதுவும் பிடிபடாது என்பதுதான் என் குறை.

தமிழில் இந்த உத்தி எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

நேர்க்கூற்று: “இவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?” என்று நினைத்தாள்.

அயற்கூற்று: அவனுக்குத் தான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

நாம் பெயர் தேடுவது: கதவைத் திறந்தாள். மறுபடியும் இவன். இவனுக்கு அவள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

‘என்று நினைத்தாள்’ போய்விட்டது. ஆனால் முக்கியமானது அதுவல்ல. ‘இவன்’ அவள் வாய்ச்சொல், ‘அவள்’ கதைசொல்லியின் சொல். இரண்டும் ஒரே வாக்கியத்தில். ஆங்கிலத்தில் காலம் மாறுவது ஓர் அடையாளமாக நிற்கும். நமக்கு அந்த வசதி இல்லை. அவன்–இவன், அன்று–இன்று போன்ற சுட்டுகளை வைத்துத்தான் யார் கண்ணால் பார்க்கிறோம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. ‘இவன்’ இருக்கும் இடத்தில் ‘அவன்’ போட்டுப் படித்தால் சூடு பாதி இறங்கிவிடும்.

அதனால் ‘தோய்கூற்று’ என்கிறேன். துணி கதைசொல்லியுடையது, சாயம் பாத்திரத்துடையது. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ மிகாது. ‘தோய்க்கூற்று’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். ‘கூற்று’ நமக்குப் புதிதல்ல, தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாடல்களில் படித்துப் பழகியதுதான்.

மூலத்தை விட்டு விலகுவது பற்றிய தயக்கம் புரிகிறது. 1912இல் மொழியியலாளர் சார்லஸ் பாயி (Bally) பிரெஞ்சில் வைத்த பெயரைத்தான் ‘கட்டற்ற’ என்று பெயர்க்கிறோம். ஜெர்மானியர்கள் அதைப் பெயர்க்கவில்லை. 1921இல் லோர்க் (Lorck) என்ற அறிஞர் ‘அனுபவித்த பேச்சு’ என்ற பொருளில் தனியாக ஒரு சொல் கொடுத்தார், அது அங்கே நிலைத்துவிட்டது.

‘நனவோடை’ (பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதும் உத்தி) போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. நனவோடையில் கதைசொல்லி பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறார். இங்கே அவர் ஒதுங்கினால் உத்தியே இல்லை. பாத்திரம் தன்னையே ஏமாற்றிக்கொள்வதை வாசகர் கண்டுகொள்வது அந்த இரண்டாவது குரலால்தான்.

எனக்கே தெளியாதது ஒன்று. தன்மைக் கதையில், வயதான ‘நான்’ சிறுவயது ‘நானை’ச் சொல்லும்போது, ‘நான்–அவள்’ வேறுபாடு கிடையாது. “நேற்று அடித்தவன் இன்று சிரிக்கிறான். நான் எதற்குச் சிரிக்க வேண்டும்?” இது சிறுவனின் சொல்லா, பெரியவர் சொல்லா? இதையும் தோய்கூற்றில் சேர்க்கலாமா, வேறு பெயர் வேண்டுமா?