ஓர் இயக்குநரைப் பின்தொடர்ந்து உலக சினிமா பார்ப்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி):
சம்பா நடவு முடிந்த பிறகு கிடைத்த மாலைப்பொழுதுகளில் உலக சினிமா பார்க்கத் தொடங்கினேன். பலரும் பரிந்துரைக்கும் பட்டியல்களிலிருந்து, இயக்குநருக்கு ஒன்று வீதம் பத்துப் படங்கள் பார்த்தாயிற்று. ஆனால் மனத்தில் எதுவும் தங்கவில்லை. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா, பார்க்கும் வரிசை தவறா?

பதில் (கும்பகோணம்):
வரிசைதான் தவறு, ஐயா. ஓர் இயக்குநரின் ஒரே படத்தோடு அடுத்தவரிடம் போவது, ஆலாபனை தொடங்கியதும் கச்சேரியிலிருந்து எழுந்து போவதைப் போன்றது. ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தை முதலில் பாருங்கள். அதில் தந்தையாகவும் மகளாகவும் நடித்த சிஷு ரியூவும் செட்சுகோ ஹராவும்தான், 1953இல் வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் மாமனாராகவும், போரில் கணவனை இழந்த மருமகளாகவும் வருகிறார்கள். பெற்ற பிள்ளைகள் நேரமில்லாமல் முதியவர்களை வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்கு அனுப்பிவிட, அந்த மருமகள்தான் வேலைக்கு விடுப்பு எடுத்து அவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். இறந்த மனைவியின் கடிகாரத்தை அவளிடம் கொடுத்து, மறுமணம் செய்துகொள்ளம்மா என்று மாமனார் சொல்லும் இடம், மகளை மணமுடித்து அனுப்பும் தந்தையின் கதையான முந்தைய படத்தை அறிந்தவருக்கு இரட்டிப்பாகக் கனக்கும்.

கேமராவின் உயரத்தையும் கவனியுங்கள். கூடத்தில் பாயில் அமர்ந்து பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தரையோடு ஒட்டிய அந்தப் பார்வை அந்நியமானதல்ல.

பதில் (திருவாரூர்):
முறை சரி, ஆனால் நடவு பார்ப்பவருக்கு நான் இத்தாலிய இயக்குநர் எர்மன்னோ ஓல்மியைத்தான் முதலில் சொல்வேன். 1978இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்’ படத்தில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. இத்தாலியின் பெர்காமோ பகுதி விவசாயிகளே தங்கள் வட்டார வழக்கில் பேசி நடித்தார்கள். எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் ஓல்மியே. நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குப் போகும் மகனின் மரக்காலணி உடைந்துவிட, தந்தை நிலக்கிழாரின் மரம் ஒன்றை இரவில் வெட்டிப் புதியது செய்து தருகிறார். அதற்காகக் குடும்பமே பண்ணையிலிருந்து வெளியேற்றப்படுகிறது. வாரத்துக்கு உழுதவர்களின் கதைகளைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு அவருடைய ‘இல் போஸ்டோ’வை (1961) பாருங்கள்: மிலானில் அலுவலக வேலைக்குச் சேரும் இளைஞனின் கதை அது. நிலத்தை விட்டுப் போனால் என்ன கிடைக்கிறது என்பதை, அதே இயக்குநர் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு ‘லேட் ஸ்பிரிங்’ பார்த்தேன். மகளை அனுப்பிவிட்டு வந்த தந்தை தனியாக அமர்ந்து ஆப்பிளின் தோலைச் சீவிக்கொண்டே மெல்லத் தலைகவிழும்போது, தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த இரவில் அப்பா விளக்கைப் போடாமல் திண்ணையில் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. இன்று ‘டோக்கியோ ஸ்டோரி’யை மறுபடியும் பார்க்கப் போகிறேன், அப்பாவையும் உடன் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.